ஒரே லைன்ல நாலு மொடம்: சம்மாந்துறை மில்லில பட்ட பாடு

தனித்தனியா போட்டா நாலு மொடமும் நல்லா வேல செய்யுது, ஒரே லைன்ல சேத்துப் போட்டா ஒண்டும் வருதில்ல. கத இவ்வளவுதான். ஆனா இதுக்குப் பின்னால நாலு நாள் போயிட்டு, அதில ரெண்டு நாள் என்ட பிழை, ஒரு நாள் எனக்கு முதல் அங்க கை வச்ச ஆரோ ஒராள்ட பிழை, மிச்சம் ஒரு நாள்தான் உண்மையான வேல. பழைய பெட்டிகளோட மல்லுக்கட்டுற ஆக்கள் இன்னும் இருக்காங்க எண்டு எனக்குத் தெரியும், அவங்களுக்காகத்தான் எழுதுறன்.

மில் சம்மாந்துறைப் பக்கம், நான் கல்லடி. மருமகன பின்னால ஏத்திக்கொண்டு விடியவே பைக்ல வெளிக்கிட்டா களுவாஞ்சிக்குடி, கல்லாறு, கல்முனை எல்லாம் தாண்டி காரைதீவுச் சந்தியில மேற்கால திரும்போணும், அங்கால ரெண்டு பக்கமும் வயல்தான். சிறுபோக வெள்ளாமை வெட்டி நெல்லு வந்து குவியிற நேரம், வாசல்ல லொறியும் டிரக்டரும் வரிசையா நிக்கிது, கச்சான் காத்து உமியத் தூக்கி மூஞ்சில அடிக்குது. லொறி நிறுக்கிற தராசு வாசல் கேட்டடியில. அங்க இருக்கிற பொடியன் நிறையப் பாத்து துண்டுல எழுதி, சைக்கிள்ல ஒபிசுக்குக் கொண்டு போறான். நெல்லு காயவைக்கிற டிரையர் நடுவில, சைலோ ரெண்டும் கடைசில. மில் முதலாளி ஹாஜியாருக்கு என்ன வேணும் எண்டா தராசு நிறை, டிரையர் சூடு, சைலோவுக்குள்ள இருக்கிற சூடு மூண்டும் ஒபிஸ் கொம்பியூட்டர்ல தெரியோணும்.

"தம்பி, வயர் ஏற்கனவே நிலத்துக்குள்ள கிடக்கு, பெட்டியும் நாலு கிடக்கு, சும்மா கொழுவி விட்டா சரிதானே" எண்டாரு.

சும்மா கொழுவி விடுறதாம்.

பெட்டி எண்டு அவர் சொன்னது ஷோர்ட் ரேஞ்ச் மொடம். கொழும்பில பழைய சாமான் கடையொண்டில ஒரு மெசினோட சேந்து வந்ததாம், தகரப் பெட்டி, பின்னால டிபி-25 எண்ட 25 பின் சொக்கெட், லைனுக்கு நாலு ஸ்குரூ. இளந்தாரிகள் மொடம் எண்டா வைபை பெட்டி எண்டு நினைப்பாங்க, கொஞ்சம் வயசு போன ஆக்கள் டெலிபோன்ல கீச் கீச் எண்டு கத்துற சாமான நினைப்பாங்க. இது ரெண்டும் இல்ல. இது நம்பர் அடிக்காது, எக்சேஞ்சுக்குள்ளால போகாது, இடையில வேற ஒண்டும் இல்லாத தனி செம்புக் கம்பி வேணும். கொம்பியூட்டர் சீரியல் போர்ட்ல இருந்து வாற ஆர்எஸ்-232 சிக்னல கம்பியில தூரமா கொண்டு போறதுதான் இதின்ட வேல. நேரா ஆர்எஸ்-232ஐ இழுத்தா 15 மீற்றர்தான் கணக்கு, சரியாச் சொன்னா கேபிள்ட கபாசிட்டன்ஸ், அதாவது கம்பிகளுக்கு இடையில சார்ஜ் தேங்கிற அளவு, 2500 பிக்கோ ஃபரட்டுக்கு மேல போகக்கூடாது எண்டதுதான் சட்டம். டெலிபோன் கேபிள்ல கிலோமீற்றருக்கு கிட்டத்தட்ட 50 நனோ ஃபரட் வரும், அப்ப 50 மீற்றரோட அந்தக் கணக்கு முடிஞ்சிரும். மில்லில ஒபிசில இருந்து தராசு 120 மீற்றர், டிரையர் 270, சைலோ 420. நேரா இழுக்கவே ஏலாது.

வைபை போடேலாதா எண்டு மருமகனும் கேட்டான். போடலாம், ஆனா தகரக் கொட்டில் நாலு, நடுவில ரெண்டு இரும்புச் சைலோ, மேல ஒரு விரல் மொத்தத்துக்கு உமித் தூசி, அன்டனாவ உயரத்தில பூட்டினா இடி. புதுசா வேல செய்யிறதா இருந்தா நான் ஃபைபர்தான் இழுத்திருப்பன், ஒளிக்கப் போறதில்ல. ஆனா கிடக்கிற சாமான வச்சு செய்யச் சொன்னா அதையும் செய்யத் தெரியோணுமே.

முதல் நாள் கேபிளப் பாத்தன். 10 சோடி டெலிபோன் கேபிள், 0.5 மில்லி மீற்றர் செம்பு, உள்ளுக்கு கிறீஸ் மாதிரி ஜெலி அடைச்சது. சைலோ முனைல ஒரு சோடியச் சேத்து முறுக்கச் சொல்லி மருமகன அனுப்பிட்டு ஒபிசில மல்டிமீட்டர் வச்சன். 0.5 செம்புக்கு போய் வாற ரெசிஸ்டன்ஸ் கிலோமீற்றருக்கு 176 ஓம் அளவில வரோணும், 420 மீற்றருக்கு 74 வரோணும், 75 காட்டிச்சு. போன்ல "எழுவத்தஞ்சு ஓம்" எண்டன், அவன் "ஓமா மாமா?" எண்டான், "ஓம் ஓம்" எண்டன், "எத்தின ஓம்?" எண்டான். இந்தத் தொழிலுக்கு நம்மட பாஷை சரிவராது போல.

மற்றச் சோடிக்கும் 75. கம்பி அறுந்தும் இல்ல, எங்கயும் கறள் பிடிச்சும் இல்ல. அப்ப லைன் சரி எண்டு முடிவெடுத்தன். இந்த முடிவ ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க, பொறகு வரும்.

அண்டைக்கு பின்னேரம் நாலு பெட்டியையும் ஒபிஸ் மேசையில வச்சு ரெண்டு ரெண்டா சோதிச்சன். ஒண்டுல இருந்து அனுப்பினா மற்றதுல வருது, செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில ஒரு எழுத்தும் பிழைக்கல்ல. சந்தோசமா பிளேன்டி குடிச்சிட்டு வீட்ட போனம்.

ரெண்டாம் நாள் எல்லாத்தையும் அததிட இடத்தில பூட்டினன். மல்டிபொயின்ட், அதாவது ஒரே லைன்ல பல பெட்டி எண்டா வயரிங் இதுதான், நாலு கம்பி, ரெண்டு சோடி. ஒபிசில இருக்கிறது மாஸ்டர், மற்ற மூண்டும் ஸ்லேவ். மாஸ்டர்ட அனுப்புற சோடி மற்ற மூண்டு பெட்டியிட வாங்கிற ஸ்குரூவுக்கும் போகோணும். மூண்டு பெட்டியிட அனுப்புற ஸ்குரூவும் ஒண்டாச் சேந்து மற்றச் சோடியால மாஸ்டர்ட வாங்கிற பக்கம் வரோணும். அதாவது மாஸ்டர்லதான் சோடி மாறும், ஸ்லேவ் மூண்டும் தங்களுக்குள்ள நேருக்கு நேர். ரெண்டு பெட்டிய மட்டும் கொழுவுற பழக்கத்தில ஒவ்வொரு பெட்டிக்கும் மாத்தி மாத்தி கட்டிடக் கூடாது. கேபிள் ஒபிசில துவங்கி தராசு, டிரையர், சைலோ எண்டு ஒரே கோடா போகுது, இடையில இருக்கிற ரெண்டு இடத்திலயும் பெட்டிக்கு ரெண்டு மூண்டு மீற்றர் கிளைதான். இதுவரைக்கும் சரி.

கதைக்கிற முறை மொட்பஸ் ஆர்டியூ. கொம்பியூட்டர் ஒவ்வொரு நம்பரா கூப்பிடும், ஒண்டு எண்டா தராசு, ரெண்டு டிரையர், மூண்டு சைலோ. கூப்பிட்ட ஆள் மட்டும்தான் மறுமொழி சொல்லோணும், மற்ற ரெண்டு பேரும் வாய மூடிக்கொண்டு இருக்கோணும்.

கரண்டப் போட்டன். மாஸ்டர் பெட்டியில டிசிடி லைட் பத்திச்சு, பத்தினது அணையவே இல்ல. கொம்பியூட்டர்ல வாறதெல்லாம் குப்பை. சைலோ பெட்டிக்கு கரண்ட நிப்பாட்டினாலும் குப்பை, டிரையரையும் நிப்பாட்டிட்டு தராசிட வேகத்துக்கு வச்சுப் பாத்தாத்தான் தராசு தெளிவா வருது. எந்த ஒண்டையும் தனிய விட்டா அது வருது.

டிசிடி லைட் என்னத்துக்கு எண்டு விளங்கினா பாதிப் பிரச்சினை தீரும். லைன்ல ஆரோ ஒராள் கெரியர், அதாவது டேட்டாவத் தூக்கிக்கொண்டு போற சிக்னல், போடுறான் எண்டதத்தான் அது காட்டுது. ரெண்டு பெட்டி மட்டும் இருக்கிற லைன்ல ரெண்டு பேரும் எந்த நேரமும் கெரியர் போட்டுக்கொண்டே இருக்கலாம், ஆளுக்கு ஒரு சோடி, இடிக்காது. மல்டிபொயின்ட்ல ஸ்லேவ் மூண்டு பேருக்கும் திரும்பி வாறதுக்கு ஒரே சோடிதான். கதைக்க ஒண்டும் இல்லாட்டியும் கெரியர மட்டும் போட்டுக்கொண்டு இருந்தா அது கலியாண வீட்டு லவுட் ஸ்பீக்கர் மாதிரி, பக்கத்தில நிக்கிறவன் கத்தினாலும் கேக்காது. அதால ஸ்லேவ்ட கெரியர் ஆர்டிஎஸ் ("நான் அனுப்பப் போறன்" எண்டு மொடத்துக்குச் சொல்லுற கம்பி) சொன்னா மட்டும்தான் ஏறோணும், சொல்லி முடிஞ்ச உடன இறங்கோணும்.

பெட்டியத் திறந்து பாத்தா போர்ட்ல அதுக்கெண்டே ஒரு ஜம்பர் இருக்கு, ஒரு பக்கம் எப்பவும், மற்றப் பக்கம் ஆர்டிஎஸ். மேசையில ரெண்டு ரெண்டா சோதிக்கேக்க நானே என்ட கையாலதான் நாலையும் எப்பவும் பக்கத்தில போட்டிருக்கன். மூண்டு ஸ்லேவையும் ஆர்டிஎஸ்சுக்கு மாத்தினன். மாஸ்டர மாத்தல்ல, மாத்தவும் தேவையில்ல, அதுட சோடியில கதைக்கிறது அது மட்டும்தான், எந்த நேரமும் கெரியர் நிண்டா ஸ்லேவ் பெட்டிகள் ஒவ்வொரு தடவையும் புதுசாப் பிடிக்கிற சோலி இல்ல.

திறந்த கையோட இன்னொரு ஜம்பரும் பாத்தன், லைன் இம்பிடன்ஸ். மூண்டுலயும் 150 ஓம் போட்டுக்கிடந்துது. மாஸ்டர்ட பக்கத்தில இருந்து பாத்தா 150 மூண்டு ஒண்டுக்கொண்டு பக்கத்தில, அதாவது 50 ஓம், இப்பிடி எல்லாரும் உறிஞ்சினா கடைசில இருக்கிற சைலோவுக்கு என்னத்தப் போய்ச் சேரும். கோட்டுட முனைல இருக்கிற சைலோவ மட்டும் 150ல விட்டுட்டு இடையில ரெண்டையும் ஹை இம்பிடன்ஸ் பக்கம் மாத்தினன். ஆர்டிஎஸ்சில இருந்து சிடிஎஸ்சுக்கு ("சரி, அனுப்பு" எண்டு மொடம் சொல்லுறது) எவ்வளவு பொறுக்கோணும் எண்டதுக்கும் ஒரு ஜம்பர், அத 8 மில்லி செகண்ட்ல வச்சன்.

திரும்பக் கரண்ட். டிசிடி இன்னும் பத்திக்கொண்டே இருக்கு.

இந்தத் தடவ வெயிலுக்குள்ள ஒவ்வொரு பெட்டியா நடந்து போய் லைன் கழட்டிப் பாத்தம். தராச கழட்டினா அணையுது. தராசு டிஸ்பிளேக்குப் பின்னால போர்ட்ல மூண்டே மூண்டு கம்பிதான், அனுப்புறது, வாங்கிறது, கிரவுண்ட். ஆர்டிஎஸ் எண்ட சாமானே இல்ல. மூண்டு கம்பிச் சாமான மொடத்தில கொழுவேக்க பிளக்குக்குள்ள நாலாம் பின்னையும் ஆறாம் பின்னையும் கூட்டிப் பத்த வைக்கிறது எனக்கு இருவது வருசப் பழக்கம். ஆறு எண்டது "நான் ரெடி" எண்டு மொடம் தாற டிஎஸ்ஆர், எப்பவும் பொசிட்டிவ், அத நாலாம் பின் ஆர்டிஎஸ்சுக்குக் குடுத்தா மொடம் சந்தோசமா வேல செய்யும். சந்தோசமா எண்டா விடிய விடிய கெரியர் போடும். ஜம்பர மாத்தி என்ன, பிளக்குக்குள்ள என்ட பழக்கதோசம் இருந்திருக்கு.

அந்த ரெண்டு பின்னையும் பிரிச்ச உடன டிரையரும் சைலோவும் உயிர் வந்திட்டு. அங்க ரெண்டு பனல்லயும் மெசின ஓட்டுற சின்ன பிஎல்சி கொன்ட்ரோலர், அதிட போர்ட் செட்டிங்ல ஆர்டிஎஸ் எப்ப ஏத்திறது எப்ப இறக்கிறது எண்டெல்லாம் குடுக்கலாம், அது பிரச்சினை இல்ல. தராசுதான் இப்ப ஊமை. ஊமையாக்கினதும் ஒரு கணக்குக்கு நல்லதுதான், ஏனெண்டா அந்தத் தராசு மொட்பஸ் பேசாது, கூப்பிட்டாத்தான் சொல்லும் எண்டும் இல்ல, கரண்ட் போட்ட நேரத்தில இருந்து ஒரு செக்கனுக்கு பத்துத் தரம் நிறையச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்பிடிப்பட்ட ஆளுக்கு மல்டிபொயின்ட் லைன்ல இடமில்ல. ஆர்டிஎஸ் இருந்திருந்தாலும் சரிவந்திருக்காது.

வீட்ட போய் ராவு ஆடினோ நனோ எண்ட சின்ன கொன்ட்ரோலர் போர்ட் ஒண்டெடுத்து இடைத்தரகர் ஒண்டு செஞ்சன். தராசு சொல்லுறத நனோ கேட்டுக்கொண்டே இருக்கும், கடைசியா வந்த நிறைய ஞாபகம் வச்சிருக்கும், மாஸ்டர் ஒண்டாம் நம்பரக் கூப்பிட்டா மட்டும் ஆர்டிஎஸ்ச ஏத்தி நிறையச் சொல்லிட்டு இறக்கும். 5 வோல்ட்டையும் ஆர்எஸ்-232ஐயும் மாத்த மக்ஸ்232 ஐசி ஒண்டே ஒண்டு போதும். அதுக்குள்ள அனுப்புற பக்கம் ரெண்டு, வாங்கிற பக்கம் ரெண்டு. அனுப்புறதில ஒண்டு மொடத்துக்கு டேட்டா, ஒண்டு ஆர்டிஎஸ், வாங்கிறதில ஒண்டு மொடத்தில இருந்து, ஒண்டு தராசில இருந்து. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துது, இப்பிடி அமையிறது அபூர்வம்.

இதில ஒரு இடம் கவனிக்கோணும். மக்ஸ்232 தலைகீழாக்கும், நனோ பின் ஹை எண்டா வெளியால நெகட்டிவ், ஆர்டிஎஸ் ஓஃப். பின் லோ எண்டா ஆர்டிஎஸ் ஓன். நனோ கரண்ட் வந்து எழும்பிற அந்தக் கொஞ்ச நேரம் அதிட பின் எல்லாம் அந்தரத்தில தொங்கும், ஹையும் இல்ல லோவும் இல்ல. அந்த நேரம் ஆர்டிஎஸ் தன்பாட்டில ஏறினா மற்றவங்கட பேச்சு குழம்பும். மில்லில பெரிய மோட்டர் ஸ்டார்ட் பண்ணேக்க எல்லாம் கரண்ட் குனியும், நனோ ரீசெட் ஆகும், அப்ப இது ஒரு நாளைக்கு எத்தின தரம் நடக்கும் எண்டு பாருங்க. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ட அந்தப் பின்னில இருந்து 5 வோல்ட்டுக்குப் பத்த வச்சன், எழும்பிற நேரமும் ஹையா இருக்கும், வாய் மூடியிருக்கும்.

நனோவில உண்மையான சீரியல் போர்ட் ஒண்டுதான். அத மொடத்துக்குக் குடுத்துட்டு தராசுக்கு சொஃப்ட்வெயரால செய்யிற போர்ட் போட்டன். தராசு 2400ல இருந்துது. சொஃப்ட்வெயர் போர்ட் ஒரு எழுத்து வாங்கி முடியிற வரைக்கும் நனோ வேற ஒண்டையும் திரும்பிப் பாக்காது, 2400ல ஒரு எழுத்துக்கு 4 மில்லி செகண்டுக்கு மேல, அதுக்குள்ள மொடம் பக்கத்தால 9600ல நாலு எழுத்து வந்து விழுந்திரும், ஹார்ட்வெயர் போர்ட் ரெண்டு எழுத்து அளவுதான் தாங்கிப்பிடிக்கும். அதால மாஸ்டர் கூப்பிட்டா சில நேரம் கேக்கும் சில நேரம் கேக்காது. தராசு மெனுவில பூந்து அதையும் 9600க்கு ஏத்தினன், ஒரு எழுத்துக்கு 1 மில்லி செகண்ட், பிரச்சினை போயிட்டு.

மூண்டாம் நாள் காலம்பற கொண்டுபோய்ப் பூட்டினா தராசு அழகா வருது. அதோட நிண்டிருக்கலாம். ஆனா தராசுப் பொடியன் வந்து, "அண்ணே, லொறி ஏறி ஆடிக்கொண்டு நிக்கேக்க வாற கணக்கையும் ஒபிசில எடுத்திட்டா என்ன செய்யிற?" எண்டு கேட்டான். நியாயமான கேள்வி. தராசு அனுப்புற வரியிலயே நிறை நிண்டிட்டா ஆடுதா எண்டும் ஒரு எழுத்து வரும், அதையும் ரெண்டாவது ரெஜிஸ்டர்ல (மொட்பஸ்ல ஒரு எண் வைக்கிற இடம்) போட்டு அனுப்புவம் எண்டு மாத்தினன். மாத்தின உடன தராசு செத்துப்போச்சு. சிஆர்சி பிழை, சிஆர்சி பிழை, ஒவ்வொரு தடவையும் (சிஆர்சி எண்டா செய்தி பிழையில்லாம வந்திருக்கா எண்டு பாக்க கடைசில சேக்கிற எண்).

ஒண்டரை மணித்தியாலம் தலைய உடைச்சன். நிறை எடுக்கிற கோட் சரி, சிஆர்சி கணக்கு சரி, மடிக்கணினியில நேரா கொழுவினா சரியா வருது. மொடத்தால போனாத்தான் பிழை. கடைசில பிடிச்சது என்னெண்டா, நான் டேட்டாவ அனுப்பச் சொல்லிட்டு 8 மில்லி செகண்ட் பொறுத்து ஆர்டிஎஸ்ச இறக்கியிருக்கன். ஒரு ரெஜிஸ்டர் எண்டா மறுமொழி 7 பைட், 9600ல ஒரு பைட்டுக்கு 1.04 மில்லி செகண்ட், மொத்தம் 7.3, எட்டுக்குள்ள முடிஞ்சிரும். ரெண்டு ரெஜிஸ்டர் எண்டா 9 பைட், 9.4 மில்லி செகண்ட். கடைசிப் பைட் போய் முடிய முதல் கெரியர் விழுந்திட்டு, அந்தக் கடைசி ரெண்டு பைட்டுதான் சிஆர்சி. வால் வெட்டின பாம்பு மாதிரி மற்றதெல்லாம் முழுசா வந்திருக்கு. நேரா கொழுவினா வாறதுக்குக் காரணம், நேர் வயருக்கு ஆர்டிஎஸ் பத்தி ஒரு கவலையும் இல்ல. பொறுக்கிற கணக்க தூக்கி எறிஞ்சிட்டு, ஃப்ளஷ் எண்ட கட்டளையப் போட்டன், அது கடைசி பிட் வெளியால போற வரைக்கும் நிக்கும், அதுக்குப் பொறகு ஒரு மில்லி செகண்ட் சும்மா, பொறகு ஆர்டிஎஸ் இறங்கும். எத்தின பைட் அனுப்பினாலும் இனி வெட்டாது.

இவ்வளவும் முடிய, மத்தியானம் ஹாஜியார் வீட்டில இருந்து சோறும் எருமைத் தயிரும் வந்துது. தயிரச் சாப்பிட்டு நித்திர தூங்கி வழியேக்க மருமகன் சொன்னான், "மாமா, சைலோ இடைக்கிட காணாமப் போகுது."

பாத்தா உண்மைதான். நூறு தரம் கூப்பிட்டா பத்துப் பன்னிரண்டு தரம் சைலோட்ட இருந்து பிழையான மறுமொழி. டிரையருக்கும் தராசுக்கும் ஒண்டும் இல்ல. பிஎல்சி செட்டிங் பாத்தன், ஸ்குரூ இறுக்கினன், பெட்டிய டிரையர் பெட்டியோட மாத்திப் பூட்டினன், அப்பவும் சைலோ இடத்திலதான் பிழை. அப்ப பெட்டி இல்ல, லைன். ஆனா லைன்ல 75 ஓம் சரியா வந்துதே?

ஒபிசில மாஸ்டர் பெட்டியக் கொஞ்ச நேரம் கண்வெட்டாமப் பாத்துக்கொண்டு இருந்தன். ஸ்லேவ் மூண்டையும் நிப்பாட்டிட்டு மாஸ்டர மட்டும் கூப்பிட விட்டா, அது கூப்பிடுற ஒவ்வொரு தரமும் அதுட டிசிடி லைட் மெல்லிசா ஒரு துடிப்புத் துடிக்குது. மறுமொழி சொல்ல லைன்ல ஆளே இல்ல, ஆனா ஆரோ கெரியர் போடுற மாதிரி. மாஸ்டர் தன்ட குரலையே தானே கேக்குது. போற சோடியில இருந்து வாற சோடிக்கு ஒழுகுது.

ஒழுக்கு எண்டா முறுக்கு மாறியிருக்கோணும். நீலமும் அதோட முறுக்கின வெள்ளையும் ஒரு சோடி, ஒரேஞ்சும் அதோட முறுக்கின வெள்ளையும் ஒரு சோடி. ஒண்டோட ஒண்டு முறுக்கியிருக்கிறதாலதான் ஒரு சோடியிட சத்தம் மற்றதுக்குள்ள போகாம இருக்கு. நீலத்துக்கு மற்றவன்ட வெள்ளையப் பிடிச்சுக் கட்டினா கம்பி தொடுப்பு சரியா இருக்கும், ஓம் கணக்கு சரியா வரும், ஆனா முறுக்கால வாற பாதுகாப்பு போயிரும். மல்டிமீட்டர் ஓம்ல இத ஆயுசுக்கும் கண்டுபிடிக்க ஏலாது. கபாசிட்டன்ஸ்ல கண்டுபிடிக்கலாம், ஒண்டோட ஒண்டு முறுக்கின கம்பிக்குள்ள கபாசிட்டன்ஸ் கூட, அயல் கம்பியோட குறைவு. டிரையர்ல இருந்து சைலோவுக்குப் போற 150 மீற்றரையும் ரெண்டு பக்கமும் கழட்டிட்டு அளந்தன். ஆரும் தொடாத பச்சைச் சோடி 7.6 நனோ ஃபரட். மண் நிறச் சோடி 7.6. எங்கட நீலமும் ஒரேஞ்சும் 6.1, 6.2.

நீலத்தில விளையாட்டு நடந்திருக்கு எண்டு அந்த நேரமே தெரிஞ்சிட்டு, எங்க எண்டதுதான் கேள்வி. சைலோ முனைல கேபிள்ட மேல்தோல ஒரு சாண் உரிச்சு, ஜெலியத் துடைச்சுப்போட்டு நீலக் கம்பியக் கையால பிடிச்சு முறுக்கோட முறுக்கா பின்னால போனன். அதோட சுத்திக்கொண்டு வந்த வெள்ளை நேரா ஒரேஞ்சிட ஸ்குரூவுக்குப் போகுது. ஒரேஞ்சோட சுத்தின வெள்ளை நீலத்திட ஸ்குரூவில இருக்கு. எனக்கு முதல் வந்த ஆள் வேணுமெண்டு செஞ்சிருக்க மாட்டார். இந்தக் கேபிள்ல வெள்ளைக்கு அடையாளக் கோடு இல்ல, எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை, தோல உரிச்சு முறுக்க அவிழ்த்திட்டா எது எவன்ட பொண்டாட்டி எண்டு ஆருக்கும் தெரியா. இடையில எங்கயோ ஜொயின்ட் போடேக்க ரெண்டு வெள்ளை மாறியிருக்கு, பொறகு இந்த முனைல டெஸ்டர் வச்சுப் பாக்க தொடுப்பு வரல்ல, வெள்ளைய மாத்திப் போட்டா தொடுப்பு வந்துது, சரி எண்டுட்டு போயிட்டாரு. தொடுப்பு வந்தா லைன் சரி எண்டு முதல் நாள் நானும்தானே சொன்னன்.

ஜொயின்ட் எங்க எண்டு மில்லில பழைய ஆள் ஒராளிட்ட விசாரிச்சா, "ரெண்டு மூணு வருசத்துக்கு முன்ன பெக்கோ வந்து மதகடியில தோண்டேக்க வயர் வெட்டுப்பட்டுது" எண்டாரு. டிரையர்ல இருந்து அறுவது மீற்றர் அளவில. மம்பட்டியால நாங்களே தோண்டினம், ஒன்டரை அடிக்குள்ள ஜொயின்ட், பொலித்தீனால சுத்தி டேப் அடிச்சுக் கிடக்கு. பிரிச்சா உள்ளுக்கு ஈரம் இல்ல, அந்த மட்டுக்கும் அந்த மனுசன் நல்லாத்தான் சுத்தியிருக்காரு. தோல் ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் உரிச்சு, நீலத்தோட சுத்தி வாற வெள்ளைய நகத்தால பிடிச்சுக்கொண்டே வெட்டி, அங்கால நீலத்தோட சுத்திப் போற வெள்ளையோட சேத்துப் பத்த வச்சு, சுருங்கிற ஸ்லீவ் போட்டு, மற்றதையும் அப்பிடியே செஞ்சன். மருமகன் அந்த முனைக்கு ஓடிப்போய் அங்கத்தைய வெள்ளைய அதது இடத்துக்கு மாத்தினான். திரும்ப அளந்தா ரெண்டு சோடியும் 7.6. மாஸ்டர்ட டிசிடி இப்ப ஆடாம கிடக்கு. சைலோவ ஆயிரம் தரம் கூப்பிட விட்டுட்டு மூஞ்சி கழுவிட்டு வந்து பாத்தன், பிழை பூச்சியம்.

நாலாம் நாள் இடிக்கான வேல. ஐப்பசி பிறந்தா பின்னேரத்தில இடி மின்னல் இந்தப் பக்கம் சும்மா விடாது, 420 மீற்றர் செம்பு வெட்டவெளியில கிடந்தா அது ஒரு அன்டனாதான். நாலு இடத்திலயும் இடியால வாற கரண்ட நிலத்துக்குள்ள தள்ளிவிடுற கேஸ் டியூப் அரெஸ்டர் லைனுக்குப் போட்டு பக்கத்தில எர்த் ரொட்டுக்கு கட்டையா கம்பி இழுத்தன். கேபிள்ட ஷீல்ட ஒபிஸ் முனைல மட்டும் எர்த் பண்ணினன், சைலோ முனைல வெட்டி டேப் அடிச்சாச்சு. ரெண்டு முனையும் எர்த் பண்ணினா என்ன நடக்கும் எண்டு பாக்க சைலோ எர்த்துக்கும் ஒபிசில இருந்து வந்த ஷீல்டுக்கும் இடையில அளந்தன், மில் ஓடேக்க 3 வோல்ட் ஏசி. அந்த 3 வோல்ட் ஷீல்டால ஓடத் துவங்கினா முறுக்கு சரியாக்கின புண்ணியமெல்லாம் போயிரும். பெட்டிக்குள்ள லைன் பக்கம் டிரான்ஸ்ஃபோமர் இருக்கிறதால டேட்டாவுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்ல, பழைய பெட்டியில எனக்குப் பிடிச்ச விசயமே அதுதான்.

ஒவ்வொரு பெட்டியிட மூடிக்கு உள்பக்கமும் ஜம்பர் எது எந்தப் பக்கம், எந்தக் கம்பி எந்த ஸ்குரூ எண்டு எழுதி ஒட்டினன், தூசி பிடிக்காம மேல லஞ்ச் சீற் வெட்டி டேப் அடிச்சன். தராசுப் பெட்டியில மட்டும் பெரிசா "4ஐயும் 6ஐயும் சேக்காத" எண்டு எழுதியிருக்கு, அது வேற ஆருக்கும் இல்ல, எனக்குத்தான்.

பின்னேரம் முதல் லொறி ஏறிச்சு. ஹாஜியார் ஒபிசில கதிரையில இருந்துகொண்டு திரையில நிறை ஆடி ஆடி நிக்கிறதப் பாத்தாரு. கொஞ்சத்தால தராசுப் பொடியன் சைக்கிள்ல துண்டோட வந்திட்டான்.

"இனி இது வேணாமே மகன்" எண்டாரு ஹாஜியார்.

"கரண்ட் போனா என்ன செய்யிற ஹாஜியார்?" எண்டான் அவன். துண்டு தொடருது.

மதகடி ஜொயின்ட் மட்டும் எனக்கு மனசுக்குள்ள உறுத்துது. நாங்க திரும்ப மூடேக்கயே குழி அடியில மண் ஈரமாத்தான் இருந்துது. மாரி துவங்க முதல் அத மேல தூக்கி ஒரு பொக்சுக்குள்ள போட்டு போஸ்ட்ல அடிக்கோணும், போஸ்டுக்கு சொல்லி வச்சிருக்கிறதா ஹாஜியார் சொன்னாரு, வந்த உடன போகோணும்.